காண்ட்ராக்ட் தொழிலாளி 'இது நம்ம கம்பெனி' என்று நினைப்பதற்கும் அவர் வேலைத் தரத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் உற்பத்திக் கணக்கில் அது தெரியாது.

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் காண்ட்ராக்டில் இருந்தேன். இப்போது வேறொரு இடத்தில் பெர்மனென்ட். ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்றால் பெர்மனென்ட், காண்ட்ராக்ட் இரண்டு தரப்பும் போடுவார்கள். நாளைக்கு கேட்டில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் காண்ட்ராக்ட் ஆள் பத்து பீஸ் கூடவே போடுவார். வித்தியாசம், யாரும் சொல்லாமல் செய்கிற வேலையில்தான்.

அன்று நைட் ஷிப்ட். பிரஸ்ஸிலிருந்து வந்த பீஸின் ஓரத்தில் பிசிறு, விரலை வைத்தால் கீறியது. சேர்ந்த புதிதில் இப்படி ஒன்றைச் சொல்லப்போய் "காண்ட்ராக்ட்தானே, உன் வேலையைப் பாரு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை. விடிவதற்குள் இரண்டு டிரே ரிஜெக்ட். இன்றும் உறுத்துகிறது.

நிறுவனத்தின் வெற்றி தோல்வியைத் தன்னுடையதாகவே ஒருவர் உணர்வதை 1989-இல் ஆஷ்ஃபோர்த், மெயில் என்ற இரு ஆய்வாளர்கள் நிறுவனத்தோடு தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளுதல் என்று விளக்கினார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்குச் சட்டையில் கம்பெனி பெயர், சம்பளச் சீட்டில் காண்ட்ராக்டர் பெயர். எங்கே வேலை என்று ஊரில் கேட்டால் கம்பெனி பெயரைத்தான் சொல்வார். ஒட்டுதல் முதலிலிருந்தே இருக்கிறது. வேறு நிற டேக்கும், அவருக்கு மட்டும் கிடைக்காத தீபாவளி ஸ்வீட் பாக்ஸும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போடுகின்றன. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது வேலை வாங்குகிற கம்பெனியே, தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. நான் போய்க் கேட்டபோது கிடைத்த பதில், "உன் காண்ட்ராக்டரைக் கேளு". அன்றோடு எனக்கு விட்டுப்போயிற்று.

என் லைனில் காலை மீட்டிங்குக்கு எல்லோரும் வர வேண்டும். பழுதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் பெயரைத்தான் ரிஜிஸ்டரில் எழுதுவேன். போன மாதம் செய்யாறுப் பக்கத்துக் காண்ட்ராக்ட் தம்பி ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்: "அண்ணே, நம்ம பீஸ்ல ஹோல் தள்ளி விழுது." ஆறே பீஸோடு பிடித்துவிட்டோம்.

ஆனால் மரியாதை சம்பளத்துக்கு ஈடாகாது. பக்கத்தில் நின்று அதே வேலை பார்க்கும் பெர்மனென்ட் ஆள் வாங்குவதில் பாதிகூட அந்தத் தம்பிக்கு வருவதில்லை. அவரைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வாரம் மூன்றாவது முறை கொடுக்கப்போகிறேன்.