காப்பீடு கேள்வி பதில்: கூரைமேல் சாய்ந்த மரம்

கேள்வி: காற்றுமழையில் பக்கத்து மனையிலிருந்த தூங்குமூஞ்சி மரம் எங்கள் ஓட்டு வீட்டின்மேல் சாய்ந்துவிட்டது. வெட்ட வந்த கான்ட்ராக்டர், "இன்ஷூரன்ஸ் இருக்குல்ல, நீங்க ஒரு பைசா தர வேணாம். இந்தத் தாள்ல கையெழுத்து மட்டும் போடுங்க, அறுபதாயிரத்துக்கு பில் நான் எழுதிக்கிறேன்" என்கிறார். வீட்டுக்கடன் வாங்கியபோது எடுத்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி இருக்கிறது. போடலாமா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: போடாதீர்கள் அம்மா. அவர் கணக்கே தப்பு.

2021 ஏப்ரல் முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த ஒரே மாதிரி வாசகத்தோடு விற்கப்படும் பாலிசி இது. புயல் சேதமும், மரம் விழுந்து மோதிய சேதமும் இதில் அடக்கம். மரம் அடுத்தவருடையதாக இருந்தாலும் உங்கள் பாலிசியிலேயே கேட்கலாம். ஆனால் பணம் வருவது வீட்டுச் சேதத்துக்கு. இடிபாடு அகற்றும் செலவுக்கு, ஏற்கப்படும் தொகையில் 2 சதவீதம் வரைதான். ஓடு, ரீப்பர், கைமரம், சுவர் எல்லாம் சேர்த்து 1,50,000 ரூபாய் ஏற்கப்பட்டால், அப்புறப்படுத்தும் செலவுக்கு 3,000 ரூபாய். பில் அறுபதாயிரத்துக்கு இருந்தாலும் அதற்குமேல் வராது. மீதியை எடுக்க அவருக்கு ஒரே வழி, கூரைச் சேதத்தை ஊதிக் காட்டுவது. அது பொய் என்று தெரிந்தால் உங்களுக்கு நியாயமாக வர வேண்டியதும் போய்விடும். தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. கடன் பாக்கி இருப்பதால் வங்கிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: வாளை வைக்கவிடும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். வேர்க்கட்டு மண்ணோடு கிளம்பி நிற்பது, அடிமரம் கூரையைத் தொடும் இடம், உள்ளே இருந்து பார்த்தால் தெரியும் ஓட்டை, மூன்றும் கட்டாயம். பாலிசியில் உள்ள எண்ணுக்கு அன்றைக்கே தகவல் சொல்லி, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரை இறங்கும் அபாயம் இருந்தால், சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமையும்கூட. தார்ப்பாய் வாங்கிய ரசீதை வையுங்கள். உடைந்த ஓடுகளையும் கைமரத்தையும் சர்வேயர் பார்க்கும்வரை கொல்லையில் அடுக்கி வைத்திருங்கள்.

வெட்டுகிற முறையையும் கவனியுங்கள். முதல் வாள் நுனிக் கிளைக்குத்தான். கூரைமேல் உள்ள பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும். அவசரக்காரர்கள் அடியில் அறுத்துவிடுவார்கள். மழையில் ஊறிய நம் களிமண்ணில், அடி அறுந்ததும் வேர்க்கட்டு பழைய குழிக்கே தடாலென்று திரும்பும். அறுபட்ட மரம் துள்ளி, நல்லாயிருந்த பக்கச் சுவரையும் சாய்த்துவிடும். அந்தச் சேதம் காற்றால் வந்தது அல்ல, வெட்டியவரால் வந்தது. அதைப் புயல் கணக்கில் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அவரிடமே கேளுங்கள்.

பில்லில் மரத்தின் பெயர், நெஞ்சு உயரத்தில் அடிமரச் சுற்றளவு, எத்தனை ஆள், எத்தனை நாள், கிரேன் மணி என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மரம் யாருக்கு என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். நம் ஊரில் மர வியாபாரி வெட்டி எடுத்துக்கொண்டு உரியவருக்குக் காசு தருவதுதான் வழக்கம். வெட்டுக்கூலியும் வாங்கி, கட்டையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் அது இரட்டை வசூல். தவிர, இந்தக் கட்டை பக்கத்து மனைக்காரருடையது. அவரைக் கேட்காமல் ஏற்றவிடாதீர்கள்.

கேள்வி: தோப்பில் விழுந்த தென்னைக்கு வீட்டு பாலிசியில் கிடைக்குமா? முந்தைய தேதி போட்டு பாலிசி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
(வாசகர், பேராவூரணி)

பதில்: கிடைக்காது. முன்தேதி பாலிசி மோசடி. 2018 நவம்பரில் கஜா அடித்து உங்கள் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். மரம் நிற்கும்போதே எடுப்பதுதான் காப்பீடு. தென்னைக்கென்று தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம் தனியாக உண்டு. அதில் பிரீமியத்தின் பெரும்பகுதி மானியம், விவசாயி பங்கு கால்பகுதிதான். தொகை சிறியது, ஆனாலும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஆறு ஆட்களோடு மரம் வெட்டும் கான்ட்ராக்ட் செய்கிறேன். முறையாகச் செய்ய என்ன வேண்டும்?
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி. முதலில் ஆட்கள். 18 முதல் 70 வயது வரை உள்ள ஒவ்வொருவருக்கும் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமர் சுரக்ஷா பீமா: ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா விபத்துக் காப்பீடும் உண்டு. இவை உங்கள் பொறுப்பை முழுதாக மூடாது. சட்டப்படி வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியவர் நீங்கள். அதற்குத் தனி பாலிசி எடுங்கள். கிளை அடுத்த வீட்டுச் சுவரில் விழுந்தால் ஈடு செய்ய மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். மின்கம்பி மேலே கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987க்குச் சொல்லி, லைன் அணைக்கப்பட்டது உறுதியான பிறகே ஏறுங்கள்.

அடுத்து வாய். "கிளெய்ம் நான் பாஸ் பண்ணித் தரேன்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். சேதத்தை மதிப்பிடுவது உரிமம் பெற்ற சர்வேயர் வேலை. வேலை பிடித்துக் கொடுத்ததற்கு ஏஜென்டுக்கோ சர்வேயருக்கோ கமிஷன் கொடுக்காதீர்கள். அந்தக் காசு கடைசியில் வீட்டுக்காரர் பில்லில்தான் ஏறும். ரொக்கத்துக்கு ஒரு விலை, இன்ஷூரன்ஸுக்கு ஒரு விலை வைக்காதீர்கள்.

கேள்வி: சர்வேயர் தனக்கு ஃபீஸ் கேட்கிறார். கம்பெனியோ பதிலே போடவில்லை.
(வாசகர், காரைக்கால்)

பதில்: சர்வேயருக்குக் கொடுப்பது கம்பெனி, நீங்கள் அல்ல. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். கூடவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலோ பீமா பரோசா தளத்திலோ பதியுங்கள். ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லை அல்லது மறுப்பு வந்தால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். காரைக்காலும் அவர் எல்லைதான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கான்ட்ராக்டர்மேல் புகார் என்றால் குறைதீர்ப்பாளரிடம் போகாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.