பக்வீட் மாவில் சாக்லேட் சிப் குக்கீ செய்தால் ஏன் பரவி உடைகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கோதுமை ஒத்துக்கொள்ளாத மகளுக்காக, வழக்கமான செய்முறையில் மைதாவுக்குப் பதில் அதே அளவு பக்வீட் மாவைப் போட்டிருக்கிறீர்கள். குக்கீ டிரே முழுக்கப் பரவிவிட்டது, எடுக்கப்போனால் உடைந்தது, வாயில் மணல் மாதிரி நறநறத்தது. மாவு சரியில்லையா, செய்த விதம் சரியில்லையா என்று கேட்கிறீர்கள்.

என் முதல் டிரேயிலும் இந்த மூன்றுமே நடந்தன. நான் பதறிப்போய் அடுத்த முறை மாவைக் கூட்டினேன். பரவுவது நின்றது. ஆனால் ஆறியபின் ஒரு வாய் கடித்தால் தொண்டை அடைத்தது, பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் தின்ன முடியவில்லை. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: மாவைக் கூட்டாதீர்கள். போட்ட மாவு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் முன்பே ஓவனுக்குள் போய்விட்டதுதான் பிரச்சினை.

பெயரில் 'வீட்' இருந்தாலும் பக்வீட்டுக்கும் கோதுமைக்கும் உறவே இல்லை. கோதுமை புல் வகை. பக்வீட் ருபார்ப் செடியின் குடும்பம். குளூட்டன், அதாவது பிசையும்போது மாவை இழுபடவைக்கும் கோதுமைப் புரதம், கிடையாது. ரொட்டி சுடுகிறவருக்கு அது பெரிய இழப்பு, குக்கீ சுடுகிறவருக்கு அப்படியில்லை, ஏனென்றால் குக்கீயில் குளூட்டனை நாமே வளரவிடுவதில்லை. பக்வீட் மாவு ஈரம் பட்டால் லேசாகக் கொழகொழப்பாகும், தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் வைத்துப் பார்த்தாலே தெரியும். குக்கீயை உதிராமல் பிடிக்க அந்தப் பசையும் ஒரு முட்டையும் போதும். மாவை ஒட்டவைக்கும் பொடியான சாந்தன் கம் வாங்கிச் சேர்க்கச் சொல்வார்கள், முட்டை போடுகிறவர்களுக்கு அது வீண் என்பது என் எண்ணம். ஆனால் பசை உண்டாக நேரம் வேண்டும். பிசைந்ததைக் குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். நறநறப்பு பெரும்பாலும் அங்கேயே போய்விடும். வெண்ணெயும் இறுகுவதால் பரவலும் அடங்கும்.

நான் செய்யும் அளவு: உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 120 கிராம், வெள்ளைச் சர்க்கரை 40 கிராம், முட்டை 1, வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், பக்வீட் மாவு 150 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், டார்க் சாக்லேட் 150 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். கப்பில் அள்ளினால், தட்டி அமுக்கி அள்ளியவருக்கும் பொலபொலவென்று அள்ளியவருக்கும் நிறைய வித்தியாசம் வரும், இந்த மாவு அதை மன்னிக்காது. வெண்ணெயில் சர்க்கரை, பிறகு முட்டை, வெனிலா, கடைசியில் மாவு வகையறா. அதிகம் கலக்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் மைதாவோடு போயிற்று, கட்டி இல்லாமல் நன்றாகவே கலக்கலாம். பச்சை மாவும் பச்சை முட்டையும் இருப்பதால் வழித்து நக்குவது மட்டும் வேண்டாம்.

வெண்ணெயைச் சிவக்கக் காய்ச்சிச் சேர்த்தால் பக்வீட்டின் கொட்டை வாசனைக்கு அபாரமாகப் பொருந்தும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, நானும் விழுந்தேன். வெண்ணெயில் 16 முதல் 18 சதவீதம் வரை தண்ணீர் இருக்கிறது, சிவக்கக் காய்ச்சும்போது அது ஆவியாகிவிடும். தாகமெடுத்த மாவுக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீர் அது. காய்ச்சி ஆறவைத்த வெண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூன் பால் அல்லது தண்ணீரைச் சேர்த்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

மாவிலும் வகை உண்டு. உமியோடு அரைத்தது கருஞ்சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக, கொஞ்சம் கசப்போடு இருக்கும். உமி நீக்கி அரைத்தது வெளிர் நிறம், சாது. முதல்முறை செய்கிறவர் வெளிர் மாவில் தொடங்குவது நல்லது. வறுத்த பக்வீட்டை அரைத்த மாவு இன்னும் காரசாரமான ஆள், குக்கீயில் சாக்லேட்டையே தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். வீட்டில் மிக்ஸியில் அரைத்தால் மெல்லிய சல்லடையில் சலித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் குறுணை பல்லில் படும். சாக்லேட்டில் எனக்கு 70 சதவீத பார்தான் பிடிக்கும், கத்தியால் ஒழுங்கில்லாமல் நறுக்கிப் போடுவேன். மில்க் சாக்லேட் போட்டால் இந்த மாவின் மண்வாசனையும் அந்த இனிப்பும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன.

சுடும்போது: 40 கிராம் உருண்டைகள், 15 வரும். பட்டர் பேப்பர் மேல் நல்ல இடைவெளி விட்டு, முன்பே சூடேற்றிய ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 11, 12 நிமிடம். நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்லும் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். மாவே பழுப்பு, 'பொன்னிறம்' வருமென்று காத்திருந்தால் கருகல்தான் வரும். ஓரம் இறுகி, நடுப்பகுதி இன்னும் வேகாத மாதிரி பளபளப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு 10 நிமிடம் டிரேயிலேயே கிடக்கட்டும். உங்களுடையது உடைந்ததற்குப் பாதிக் காரணம் சூட்டோடு தூக்கியதாக இருக்கும். குளூட்டன் இல்லாத குக்கீக்கு ஆறும்போதுதான் முதுகெலும்பு வருகிறது.

மகளுக்குச் சீலியாக் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கும் நோய்) என்றால் பாக்கெட்டில் 'பக்வீட்' என்று இருப்பது மட்டும் போதாது. கோதுமை அரைக்கும் அதே இயந்திரத்தில் அரைத்திருக்கலாம், சில கலவைகளில் கோதுமை மாவையே சேர்த்திருப்பார்கள். குளூட்டன் இல்லாதது என்று சான்றுள்ள மாவை வாங்குங்கள், சாக்லேட் உறையையும் திருப்பிப் படியுங்கள். இன்னொன்று, பக்வீட்டே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகும். மகளின் தோழிகளுக்குக் கொடுத்தனுப்பினால் என்ன மாவு என்று சொல்லியே கொடுங்கள்.

ஊறிய உருண்டைகளை ஃபிரீஸரில் வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது உறைந்தபடியே டிரேயில் வைத்து, கூட இரண்டு நிமிடம் விடுங்கள். நான் இப்போதெல்லாம் மொத்தமாக உருட்டி வைத்துவிட்டு ஒரு நேரத்துக்கு நான்கைந்துதான் சுடுகிறேன்.