இத்தனை வருடம் கழித்துக் கொலைத் தீர்ப்பை எதிர்க்க முடியுமா?

கேள்வி: 2009-ல் என் தம்பி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தான். அந்த மே மாதம் ஊரில் நடந்த கொலையில் அவனைக் கைது செய்தார்கள். நேரில் பார்த்த சாட்சி இல்லை. வி.ஏ.ஓ.விடம் போய் அவனே ஒப்புக்கொண்டதாக வழக்கு. 2012-ல் ஆயுள் தண்டனை. 2016-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உறுதி செய்தது. பணமில்லாததால் டெல்லிக்குப் போகவில்லை. 'கவர்னருக்கு மனுப் போடுங்கள்' என்கிறார்கள். அவன் செய்யவில்லை என்று இனி எங்கேயும் சொல்ல முடியாதா?
— ஒரு சகோதரி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சொல்லலாம் சகோதரி. உச்ச நீதிமன்றத்துக்கு நீங்கள் இன்னும் போகவே இல்லை. உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றாது. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போடலாம். அதற்குக் கெடு 90 நாள். அது எப்போதோ கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு வைக்க வேண்டும். வறுமையால் வர முடியாத ஆயுள் கைதிகளின் தாமதத்தை அந்த நீதிமன்றம் பல வழக்குகளில் மன்னித்திருக்கிறது.

அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம். பிளஸ் டூ முடித்த வருடம் என்றால் தம்பிக்கு அன்று 18 நிறைந்திருந்ததா? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைப் பாருங்கள். சம்பவ நாளில் ஒரு நாள் குறைந்திருந்தாலும் அவர் சட்டப்படி சிறார்தான். 2009-ல் இருந்த சட்டப்படி சிறாருக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். ஆயுள் தண்டனை நிற்காது. வழக்கு முழுவதும் முடிந்த பிறகும் இதை எழுப்பலாம். 1994-ல் புணேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவரை, சம்பவத்தின்போது அவர் சிறுவன் என்று கண்டு, 28 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 2023-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

வயது 18 தாண்டியிருந்தால் சாட்சியங்களில் உள்ள ஓட்டைகளைத்தான் நம்ப வேண்டும். 'என் தம்பி நல்லவன்' என்பது அங்கே எடுபடாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பதால், நம் ஊர் கொலை வழக்குகளில் அந்த இடத்துக்கு அடிக்கடி வி.ஏ.ஓ. வந்து நிற்பார். அதனால் அவருடைய சாட்சியத்தை வரி வரியாகப் படியுங்கள். அவருக்கும் தம்பிக்கும் முன்பழக்கம் உண்டா? இல்லையென்றால் உயிர் போகிற விஷயத்தை ஒரு பையன் அவரிடம் ஏன் போய்ச் சொன்னான்? கத்தியைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பதிவான மகஜரிலும் அதே வி.ஏ.ஓ.தான் சாட்சியா? கத்தியில் இருந்தது மனித ரத்தம்தான் என்று ஆய்வு சொல்கிறதா? முதல் தகவல் அறிக்கை நீதித்துறை நடுவர் கைக்கு எத்தனை மணிக்குப் போனது? தம்பிக்கு எதிரான ஒவ்வொரு சங்கதியையும் நீதிபதி அவரிடமே கேட்டாரா? கேட்காததை வைத்து அவரைத் தண்டிக்கக் கூடாது. நேரடி சாட்சி இல்லாத வழக்கில் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் சந்தேகத்தின் பலன் அவருக்குத்தான்.

தீர்ப்பு தப்பாகவே இருக்காது என்று யாராவது சொன்னால் மனம் தளராதீர்கள். மகாராஷ்டிராவில் 2003-ல் நடந்த ஒரு கொலை வழக்கில் ஆறு பேருக்கும் தூக்கு என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நேரில் பார்த்த சாட்சி போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார்; அதை அரசுத் தரப்பு வெளியே விடவில்லை. 2019-ல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த ஆறு பேர் இழந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பணத்துக்காக நிற்க வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனு அனுப்பலாம். அல்லது இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். சாட்சியங்களின் நகலுக்கு உடனே மனுப் போடுங்கள். பழைய கட்டுகளைக் காலக்கெடு பார்த்து அழிப்பதும் உண்டு.

சரி, கவர்னர் மனு. கவர்னரின் அதிகாரத்துக்கு 14 ஆண்டுக் கெடு கிடையாது; அரசு சட்டப்படி தரும் முன்விடுதலைக்குத்தான் 14 ஆண்டு சிறை முடிந்திருக்க வேண்டும். கிடைத்தால் தம்பி வீட்டுக்கு வருவார். கொலைகாரன் என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். ஆனால் யாராவது எழுதித் தரும் மனுவில் 'செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று ஒரு வரி இருந்தால், அதை அடிக்காமல் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது.