பழைய சிறு காற்றாலை ஜெனரேட்டர்: கேள்வி பதில்

கேள்வி: காயலான் கடையில் இறக்கை இல்லாத ஒரு டைனமோவைக் காட்டி, காற்றாலையில் இருந்தது என்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. எப்படி நம்புவது?

பதில்: ஒயரை எண்ணுங்கள். ஒரே தடிமனில் மூன்று வந்தால் பெரும்பாலும் நிலைக்காந்த மூன்று ஃபேஸ் ஆல்டர்னேட்டர். ஒயர்களை ஒன்றோடொன்று தொடாமல் விட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். பிறகு இரண்டிரண்டாக முறுக்கிச் சுற்றுங்கள். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு இறுகினால் காந்தமும் உயிரோடு இருக்கிறது, காயிலும் அறவில்லை. ஒரே ஒரு ஜோடியில் மட்டும் இறுகினால் ஒரு ஃபேஸ் போய்விட்டது. விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

இரண்டே ஒயர், பக்கத்தில் கார்பன் பிரஷ் மூடிகள் என்றால் அது டிசி மோட்டார். அதுவும் உதவும், ஆனால் தடுப்பு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) கட்டாயம். இல்லாவிட்டால் காற்று நின்றதும் பேட்டரியைக் குடித்துக்கொண்டு விசிறியாகச் சுற்றும். பிரஷும் இல்லாமல் இரண்டு ஒயர் வந்தால் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் டயோடு தொகுதி) பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். கார் ஆல்டர்னேட்டரைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் காந்தமாக்கும் ஃபீல்டு கரண்ட் கொடுக்க வேண்டும், ஆர்பிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஆயிரத்துக்கு மேல் வேண்டும். இறக்கையை நேரடியாக ஷாஃப்டில் மாட்டினால் அந்த வேகம் வராது.

கேள்வி: 12 வோல்ட் மெஷினா, 24 வோல்ட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: லேத் பட்டறையில் சக்கில் பிடித்து 200 ஆர்பிஎம்மில் ஓட்டச் சொல்லுங்கள். எந்த இரண்டு ஒயருக்கு இடையிலும் ஏசி வோல்ட் எடுங்கள். மூன்று ஜோடியும் ஒன்றாக வர வேண்டும். பளு இல்லாதபோது வோல்டேஜ் ஆர்பிஎம்முக்கு நேர் விகிதம் என்பதால் ஒரு அளவு போதும்.

12 வோல்ட் பேட்டரிக்குள் கரண்ட் நுழைய, பேட்டரியின் 12.6 வோல்டும் டயோடு தின்னும் 1.4 வோல்டும் சேர்ந்து 14 வோல்ட் உச்சம் வேண்டும். அந்த உச்சத்தை 1.414-ஆல் வகுத்தால் மீட்டர் காட்ட வேண்டியது சுமார் 10 வோல்ட் ஏசி. 24-க்கு அதே கணக்கில் 19 வோல்ட்.

200-இல் 10 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை, நுனிவேகம் காற்றைப்போல் 7 மடங்கு என்றால், 3 மீ/வினாடி காற்றிலேயே 200 ஆர்பிஎம் வந்துவிடும். 12 வோல்டுக்கு அருமையான ஜோடி. இதையே 24-இல் மாட்டினால் 380 ஆர்பிஎம் வேண்டும், காற்று 5.7-ஐத் தொடும்வரை மீட்டர் முள் அசையாது. பலர் “ஜெனரேட்டர் கெட்டுவிட்டது” என்று கழற்றிப் போடுவது இந்தப் பொருத்தக்கேட்டைத்தான்.

மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். 300 ஆர்பிஎம்மில் 40 ஹெர்ட்ஸ் என்றால் 120 × 40 ÷ 300, அதாவது 16 போல் (காந்த முனைகள்). அதன்பின் டவரில் ஏற்றிய பிறகும் ஹெர்ட்ஸைப் பார்த்தே ஆர்பிஎம்மைச் சொல்லிவிடலாம்.

கேள்வி: பெயர்ப்பலகையில் 1000 வாட், 12 மீ/வினாடி என்று இருக்கிறது. இறக்கை விட்டம் 1.3 மீட்டர். வாங்கலாமா சார்?

பதில்: அந்தப் பரப்பு வழியாக 12 மீ/வினாடியில் போகும் காற்றில் இருப்பதே சுமார் 1380 வாட். எந்தக் காற்றாலையும் தாண்ட முடியாத பெட்ஸ் வரம்பு 59.3 விழுக்காடு, அதுவே 820 வாட்தான். நடைமுறையில் 400 வந்தால் நல்ல மெஷின். 5 மீ/வினாடியில் 25, 30 வாட். அவர்கள் கேட்கும் விலைக்கு இது சரிப்படுமா என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணா, எதுவும் இணைக்காமலே கையால் சுற்றக் கடினமாக இருக்கிறது. பேரிங்கா?

பதில்: மெதுவாகச் சுற்றும்போதே கடக் கடக் என்று படிப்படியாகப் பிடித்தால் அது காந்தம் இரும்புப் பல்லை இழுப்பது, இயல்புதான். வேகம் கூடக்கூட இழுவையும் கூடினால் எங்கோ ஷார்ட். முதலில் ரெக்டிஃபையரைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். லேசாகிவிட்டால் டயோடு போயிருக்கிறது, அதோடு செலவு முடிந்தது. அப்போதும் இழுத்தால் வைண்டிங். கரகரவென்ற உராய்வு மட்டும்தான் பேரிங்.

கேள்வி: பிரித்துப் பேரிங் மாற்ற வேண்டும். எதில் கவனம்?

பதில்: மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே பஞ்ச் உளியால் குறி போடுங்கள். ஒரு மூடியை எடுத்ததும் ரோட்டர் (காந்தம் உள்ள சுழலும் பகுதி) பக்கவாட்டில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் காந்தம் சில்லாக உடையும், விரலும் நசுங்கும். இடைவெளியில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுற்றிலும் செருகி, புல்லரால் நேராக இழுங்கள். எடுத்த ரோட்டரைத் துணியில் சுற்றி வையுங்கள். பட்டறைத் தரையில் வைத்தால் இரும்புத்தூள் முழுதும் அதில்தான் இருக்கும். ஒட்டிய தூளை மாஸ்கிங் டேப்பால் ஒற்றி எடுக்கலாம்.

நியோடிமியம் காந்தத்தில் நிக்கல் பூச்சு உரிந்து, உள்ளே துரு உப்பியிருந்தால் அந்தக் காந்தத்தை மாற்றத்தான் வேண்டும். எபாக்சி பூசி மறைத்தால் மீண்டும் உப்பி, காயில் சுற்றிய அசையாத பகுதியான ஸ்டேட்டரை உரசும். சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும். ஆகவே ஷாஃப்டில் கேஸ் தீயைக் காட்டாதீர்கள், பக்கத்தில் வெல்டிங் வேண்டாம்.

பேரிங் எண் அதன்மேலேயே இருக்கும். 6205 என்றால் 25 × 52 × 15 மி.மீ. இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வாங்குங்கள். தகட்டு மூடி மழைக்குத் தாங்காது. ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் தட்டுங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டு பள்ளம் போட்டுவிடும்.

கேள்வி: மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) 0.2 மெகா ஓம் காட்டுகிறது. ரீவைண்டிங்தானா?

பதில்: அவசரப்படாதீர்கள், ஈரமாக இருக்கலாம். ரோட்டரை வெளியே எடுத்துவிட்டு ஸ்டேட்டரை மட்டும் 100 வாட் குண்டு பல்பு வைத்த பெட்டியில் ஒரு நாள் காயவிடுங்கள். 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமைத் தாண்டினால் வார்னிஷ் அடித்து ஓட்டலாம். ரெக்டிஃபையரைக் கழற்றாமல் மெக்கர் போட்டால் டயோடுகள் போகும்.

கேள்வி: வீட்டில் உள்ள சோலார் சார்ஜ் கன்ட்ரோலரிலேயே கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பைத் துண்டிக்கும். பேனலுக்கு அதனால் ஒன்றுமில்லை. காற்றாலையோ பளு போனதும் தறிகெட்டு ஓடும், வோல்டேஜ் எகிறிக் கன்ட்ரோலரையும் சாப்பிடும். உபரியை எரிக்கும் டம்ப் லோடு வேண்டும். 24 வோல்ட் அமைப்பில் 28.8 வோல்டில் 500 வாட் எரிக்க 1.66 ஓம் தேவை. 2000 வாட் வாட்டர் ஹீட்டர் காயிலை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது 26 ஓம், 28.8 வோல்டில் 31 வாட்தான் எரிக்கும்.

மூன்று ஃபேஸையும் சேர்க்கும் பிரேக் சுவிட்சைக் காற்று தணிந்திருக்கும்போதே போடுங்கள். புயலில் போட்டால் நிற்காமல் சுற்றி வைண்டிங் கருகலாம்.

கேள்வி: இறக்கையின் எந்தப் பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: தட்டையான பக்கம். சுழலும் திசையில் தடித்த ஓரம் முன்னே போகும். மூன்றையும் எடைபோட்டுச் சமமாக்கி, நுனிக்கு நுனி மூன்று தூரமும் ஒன்றாக வருகிறதா என்று டேப்பால் அளந்தபிறகு போல்டை இறுக்குங்கள்.