கட்டைவிரல் மோதிரம்: ஓட்டையைச் சரியாகப் போட்டால் பாதி வேலை முடிந்தது

கேள்வி: துருக்கி பாணி வில் ஒன்று வாங்கியிருக்கிறேன். இழுவிசை 35 பவுண்டு. கட்டைவிரலால் நாண் இழுக்கப் பழகுகிறேன். வெறும் விரலில் பத்து அம்பு விட்டால் தோல் உரிகிறது. ஆன்லைனில் வரவழைத்த மோதிரம் சில நேரம் கழன்று ஓடுகிறது, சில நேரம் விரல் மரத்துப்போகிறது. வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? எந்தப் பொருளில் செய்வது? என்னிடம் ரம்பம், அரம், கை டிரில் மட்டும்தான் இருக்கின்றன.
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

தாராளமாகச் செய்யலாம். உங்களிடம் இருக்கும் கருவிகளே போதும். ஆனால் எல்லோரையும் போல நீங்களும் 'எந்தப் பொருளில்' என்றுதான் கேட்கிறீர்கள். அதை அப்புறம் பார்ப்போம். முதலில் ஓட்டையைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் மோதிரம் கழன்று ஓடுவதற்கும் விரல் மரத்துப்போவதற்கும் காரணம் அதுதான். கொம்பு, பித்தளை, பிளாஸ்டிக் என்று எதில் செய்தாலும் ஓட்டை தப்பாக இருந்தால் இதே தொல்லை தொடரும்.

கட்டைவிரல் இழுப்பு என்றதும் நமக்கு ஏகலைவன் ஞாபகம் வரும். துரோணர் சுண்டுவிரலைக் கேட்கவில்லை! ஆனால் இந்த மோதிரத்தை விதவிதமாகச் செய்து பார்த்தவர்கள் சீனர்கள், கொரியர்கள், துருக்கியர்கள், பாரசீகர்கள், முகலாயர்கள். சீனாவின் அன்யாங்கில் 1976இல் தோண்டிய ஃபூ ஹாவோ அரசியின் கல்லறையில், நாண் பதிவதற்குக் காடி வெட்டிய பச்சைக்கல் மோதிரம் ஒன்று கிடைத்தது. அது மூவாயிரம் ஆண்டுக்கும் பழையது. பிற்கால மஞ்சூரியர்கள் அணிந்தது நீளமான உருளை வடிவம். கொரியர்களிடம் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உதடு போன்ற நாக்கு இருக்கும், மற்றதில் நாணைக் கொக்கிபோல் பிடிக்கும் முளை இருக்கும். துருக்கியர்களின் 'ஸிஹ்கிர்' கண்ணீர்த் துளி வடிவம்: பின்பக்கம் மெல்லிய வளையம், முன்பக்கம் விரலின் சதைமேட்டை மூடும் நாக்கு. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் ரோஜாவை முகர்ந்தபடி உட்கார்ந்திருக்கும் ஓவியம் ஒன்று தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1480ஐ ஒட்டி வரைந்தது. அதில் அவர் கட்டைவிரலை உற்றுப் பாருங்கள், இந்த மோதிரம் தெரியும். உங்கள் வில்லுக்கும் இந்த வடிவம்தான் பொருத்தம். முளை வைத்த கொரிய வகையை முதல் முயற்சியில் தொட வேண்டாம்.

சரி, ஓட்டை. அது வட்டமாக இருக்கக் கூடாது. உங்கள் கட்டைவிரல் மூட்டைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் அகலம், நகத்திலிருந்து சதைக்கு வரும் திசையில் ஒல்லி. மோதிரத்தின் ஓட்டை முட்டை வடிவம். அதன் நீள அச்சு, நாக்கிலிருந்து எதிர்ப்பக்கம் போகும் திசையில் இருக்க வேண்டும். போடும்போது நாக்கைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், ஓட்டையின் நீளமும் மூட்டின் அகலமும் ஒன்றுக்கொன்று சரியாக வந்து மோதிரம் உள்ளே நழுவும். பிறகு கால் சுற்றுத் திருப்பி நாக்கைச் சதைப் பக்கம் கொண்டுவந்தால், ஓட்டையின் ஒடுங்கிய பக்கம் விரலின் இரு ஓரங்களையும் கவ்விக்கொள்ளும். பூட்டில் சாவி போட்டுத் திருப்புகிற மாதிரி. வட்ட ஓட்டையில் இந்தப் பூட்டு கிடையாது. மூட்டைத் தாண்டும் அளவுக்குப் பெரிதாக வைத்தால் ஆடும், ஆடாத அளவுக்குச் சிறிதாக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும். நான் முதலில் செய்ததும் வட்ட ஓட்டைதான். மூன்றாவது அம்போடு மோதிரமும் பறந்தது. அம்பு கிடைத்துவிட்டது, மோதிரத்தை அரைமணி நேரம் புல்லில் தேடினேன்.

அளவு எடுக்க டிஜிட்டல் காலிப்பர் இருந்தால் நல்லது. மூட்டின் பக்கவாட்டு அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எடுக்காதீர்கள். மாலையில், கொஞ்சம் வெயிலில் நடந்து விரல் லேசாக உப்பியிருக்கும்போது எடுங்கள், ஏனென்றால் மைதானத்தில் உங்கள் விரல் அப்படித்தான் இருக்கும். உதாரணத்துக்கு அகலம் 23 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையின் நீளம் 23, அகலம் 20 அல்லது 20.5. இரண்டுக்கும் 2 முதல் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பூட்டு நன்றாக விழும். ஆனால் வெட்டும்போது இதைவிட 1.5 மி.மீ. குறைவாகத் தொடங்கி, போட்டுப் பார்த்துப் பார்த்து அரத்தால் பெரிதாக்குங்கள். விரலை நீட்டிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். நாண் இழுக்கும்போது விரல் மடங்கும், மடங்கினால் சதை உப்பும். மடக்கித்தான் பார்க்க வேண்டும்.

முதல் மோதிரத்தைத் தூக்கிப்போடுவதற்காகவே செய்யுங்கள். அதற்கு நான் சொல்வது பிவிசி பைப். ஷெட்யூல் 40 ரகத்தில் முக்கால் இன்ச் பைப்புக்கு உள்விட்டம் சுமார் 21 மி.மீ., சுவர் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கடைக்குக் காலிப்பரோடு போய் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு அடித் துண்டு தரமாட்டேன் என்பார். தெரிந்த பிளம்பரிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும்.

25 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பேனா நிப்பு மாதிரி சாய்வாகச் சீவுங்கள். பின்பக்கம் 8 மி.மீ. அகலத்துக்கு வளையம் மிஞ்ச வேண்டும், முன்பக்கம் முழு நீளமும் நாக்காக இருக்க வேண்டும். பிறகு கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். இடுக்கியால் எடுத்து, தடித்த துணியால் பிடித்து, இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் வட்டம் முட்டையாகும். அதே சூட்டில் நாக்கின் நுனியை ஒரு துளி வெளிப்பக்கம் வளைத்துவிட்டு, அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். இறுகிவிடும். பிடிக்கவில்லையா, மறுபடி வெந்நீர். நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள். பிவிசி கருகினால் வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

நாக்கு எவ்வளவு நீளம் என்று எல்லோரும் கேட்பார்கள். வளையத்தின் விளிம்பிலிருந்து 15 மி.மீ. வாக்கில் போதும். விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். நாண் உட்காரும் இடம் நாக்கின் நுனியில் இல்லை. நாக்கு வளையத்தோடு சேரும் மூலைக்குப் பக்கத்தில், மூட்டு மடிப்புக்குச் சற்று முன்னால். நாக்கின் வேலை இரண்டு: விசையைச் சதைமேடு முழுக்கப் பரப்புவது, விடும்போது நாண் வழுக்கி ஓடச் சறுக்குமரமாக இருப்பது. நீளம் கூடினால் நாண் அதைக் கடக்க நேரமாகி அம்பு இழுபடும்.

இந்தப் பைப் மோதிரத்தை இரண்டு மூன்று வாரம் போட்டு, சீவி, மாற்றி, இன்னொன்று வெட்டி, உங்கள் விரலின் அளவைக் கண்டுபிடித்த பிறகுதான் நல்ல பொருளுக்குப் போக வேண்டும்.

என் தேர்வு எருமைக் கொம்பு. நகமும் கொம்பும் ஒரே கெரட்டின் என்பதால் விரலுக்கு உறுத்தாது. வளர்ப்பு நாய்கள் கடிப்பதற்கென்று விற்கிறார்களே, அதிலேயே நல்ல துண்டு அகப்படும். அடிப்பக்கம் குழலாக இருக்கும், நுனிப்பக்கம்தான் கெட்டி. கெட்டியான இடத்தில், குறுக்களவு 35 மி.மீ.க்குக் குறையாத இடமாகப் பார்த்து 30 மி.மீ. துண்டு போடுங்கள். கொம்பு மேலே மேலே உறை போட்ட மாதிரி வளர்கிறது. குறுக்கே வெட்டி நடுவில் துளைத்தால் அந்த அடுக்குகள் ஓட்டையைச் சுற்றி வளையமாக ஓடும், பிளவுக்கு வாய்ப்பு குறைவு. நெடுக்கில் பலகையாக அறுத்த துண்டில் செய்தால் அடுக்குகள் ஓட்டையில் வெட்டுப்படும், என்றாவது ஒருநாள் விரலில் இருக்கும்போதே உரியும். கை டிரில்லில் சின்னத் துளையில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கி, பிறகு உருட்டரத்தாலும் அரைவட்ட அரத்தாலும் முட்டை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பின் வளையம் 3 மி.மீ., நாக்கின் அடிவாரம் 5 மி.மீ. தடிமன் இருக்கட்டும். 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, 400 என்று ஏறி, 600இல் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பளபளக்கும். முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. வாசலில் வைத்துச் செய்யுங்கள். முடி கருகிய வாடை அடிக்கும், வீட்டில் திட்டு விழும். முடிந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். போட்டு வைக்கும் டப்பாவில் ஒரு அந்துருண்டை இருக்கட்டும், பூச்சி கொம்பைத் தின்னும்.

மான் கொம்பு யாராவது தந்தால் வாங்காதீர்கள். உதிர்ந்ததாக இருந்தாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தந்தமும் அப்படியே. மரம் வேண்டாம், நரம்போட்டம் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பக்கம் பிளக்கும். பித்தளை நன்றாக இருக்கும், பைப் மோதிரத்தை மாதிரியாகக் கொடுத்தால் வார்ப்புப் பட்டறையில் ஊற்றித் தருவார்கள். வார்ப்பு ஆறும்போது சுருங்கி ஓட்டை சற்றுச் சிறிதாகும், அரம் போடத்தான் வேண்டும். தோல் போதுமே என்றால், 35 பவுண்டுக்குப் போதும்தான். திண்டுக்கல், ஈரோடு பக்கம் மரப்பட்டையில் பதனிட்ட 3 மி.மீ. கனத்த தோல் கிடைக்கும். பழைய தமிழில் 'கோதை' என்றால் வில்லாளி கட்டும் தோலுறை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் தோல் வியர்வையில் நனைந்து தொய்யும், நாண் அதில் பள்ளம் போடும், விடுவது மந்தமாகும். நான் தோலை வைத்திருப்பது வேறொன்றுக்கு: மோதிரம் லேசாக ஆடினால் உட்பக்கம் ஒட்ட ஒரு சின்னத் துண்டு. துருக்கியர்களும் இதைச் செய்தார்கள்.

புது மோதிரத்தை நேராக வில்லில் சோதிக்காதீர்கள். 35 பவுண்டு என்றால் சுமார் 16 கிலோ. ஒரு வாளியில் 16 லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிடியில் நாண் கனத்தில் ஒரு கயிறு கட்டி, மோதிரம் போட்ட விரலை அதில் மாட்டித் தூக்குங்கள். சுட்டுவிரலைக் கட்டைவிரல் நகத்தின் மேல் போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள். அரபு வில்நூல்களில் இந்தப் பிடிக்கு 'அறுபத்து மூன்று' என்று பெயர். விரல்களை மடக்கி எண் காட்டும் பழைய முறையில் 63க்குக் கை இப்படி மடங்கும் (மயிலாப்பூர் அறுபத்து மூவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பத்து முறை வாளியைத் தூக்கி இறக்கிய பிறகு மோதிரத்தை வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குப்பைக்கு.

வலி எங்கே என்பதை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். சதைமேட்டின் மடிப்பில் கோடு விழுந்து வலித்தால், நாக்கின் உள்விளிம்பு கூராக இருக்கிறது, உருட்டுங்கள். மூட்டின் மேல்பக்கம் வலித்தால் பின் வளையம் ஒடுங்கிப்போய்விட்டது, அடுத்ததில் அகலம் கூட்டுங்கள். விரலின் ஓரங்கள் மரத்துப்போனால் ஓட்டையின் குறுக்களவை அரை மி.மீ. கூட்டுங்கள். விரல் நுனியில் நாண் சாட்டையடி போல் படுகிறதென்றால் மோதிரத்தின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் கட்டைவிரலைத் தாமதமாகத் திறக்கிறீர்கள். சுட்டுவிரலைத் தளர்த்தினால் போதும், நாண் தானே போகும். இன்னொன்று, வலது கையால் இழுப்பவர் அம்பை வில்லின் வலது பக்கம்தான் வைக்க வேண்டும். மூன்று விரல் இழுப்பில் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் இடது பக்கம் வைத்துவிட்டு, அம்பு விழுகிறது, மோதிரம் சரியில்லை என்பார்கள்.

முதல் நாள் 20 அம்பு போதும். மறுநாள் விரலில் எந்த இடம் சிவந்திருக்கிறதோ, மோதிரத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து 400ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள்.