விசிட்டில் போய் பெர்மிட் மாற்றலாமா? - வெளிநாட்டு வேலை கேள்வி-பதில்

டொரண்டோவில் ஓட்டல் வேலைக்கு எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை வைக்க முதலாளி வாங்கும் கனடா அரசு அனுமதி) எடுத்துத் தர ஏஜென்ட் 3 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வள்ளியூர்)

கொடுக்காதீர்கள். வேலையில்லாதோர் 6 சதவீதத்தைத் தொட்ட பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைக்கான மனுவையே 2024 செப்டம்பர் முதல் கனடா எடுப்பதில்லை. கட்டுமானம், மருத்துவமனை என்று சிலவற்றுக்குத்தான் விலக்கு. டொரண்டோ ஆரம்பத்திலேயே அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. மனுவுக்குரிய 1,000 டாலரையும் முதலாளிதான் கட்ட வேண்டும். ஆளிடம் வாங்கினால் குற்றம்.

சவுதியில் எங்கள் கம்பெனி நிதாகத்தில் சிவப்புக்குப் போய்விட்டது. இகாமா (தங்கும் அனுமதி) என்னாகும்? (கடையநல்லூர்)

அந்தக் கம்பெனியில் புதுப்பிக்க மாட்டார்கள். உள்ளூர் இளைஞர்கள் வேலையில்லாமல் நின்றபோது, 2011-ல் வந்த கணக்குதான் நிதாகத்: இத்தனை சவுதிகளை வைத்திருந்தால்தான் இத்தனை வெளிநாட்டு ஆள். சவுதிகள் குறைந்தால் சிவப்பு, போதுமானால் பச்சை. ஆனால் சிவப்பில் விழுந்த கம்பெனியிலிருந்து கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) சம்மதம் இல்லாமலே மாறலாம். இகாமாவில் நாள் மிச்சம் இருக்கும்போதே பச்சையில் உள்ள கம்பெனியைத் தேடுங்கள். அதுவரை வேலைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். 'ஹுரூப்' (வேலையை விட்டு ஓடிவிட்டான் என்ற புகார்) எழுதிவிட்டால் பெரிய சிக்கல்.

இப்போ எந்த நாட்டுக்கு ஈஸியாப் போகலாம்? (ஊர் பெயர் இல்லை)

வயது, படிப்பு, கைத்தொழில் எதுவும் எழுதவில்லை. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற) முத்திரை உண்டா என்றும் தெரியவில்லை. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

மகன் விசிட்டில் துபாய் போய் இரண்டு மாதம் ஆகிறது. அங்கே போய் பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வேலை வாங்குகிறார்கள், சம்பளம் இல்லை. (மேலப்பாளையம்)

அம்மா, முதலில் அவன் அந்த வேலையை நிறுத்தட்டும். விசா முடியும் தேதியைப் பாருங்கள். தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தில் போய்ச் சொல்லட்டும். நீங்கள் ஏஜென்டின் வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய சீட்டு எதையும் அழிக்காமல் போலீசிலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரிடமும் புகார் கொடுங்கள்.

இதை எத்தனை தடவை எழுதுவது! போன மாதம் பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மஞ்சப்பையிலிருந்து விசாத் தாளை எடுத்து நீட்டினார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு நகை அடகுச் சீட்டும் வந்தது. தாளின் மேலேயே 'டூரிஸ்ட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த வீட்டில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை, படித்துச் சொல்லவும் ஆளில்லை. வேலை குறையும் காலத்தில் எந்த நாடும் முதலில் பெர்மிட்டைத்தான் இறுக்கும். பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் அமீரகம் சட்டத்தைக் கடுமையாக்கியது. அப்படியிருந்தும் பெர்மிட் இல்லாமல் வேலை வாங்குகிற முதலாளியா, போனபிறகு மாற்றிக் கொடுப்பான்?

அமீரகத்தின் முறையான வேலை ஆஃபர் அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவது மொழியிலும் வரும். அதில் தமிழும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்க வேண்டும். பதிவு பெற்றவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூர் தேக்காவில் மாமாவின் துணிக்கடைக்கு ஒர்க் பெர்மிட்டில் போகலாமா? (புளியங்குடி)

முடியாது. கடைக்கண்ணி வேலைக்கு இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட் கிடையாது. கட்டுமானம், கப்பல் பட்டறை என்றால் உண்டு. எஸ் பாஸ் (ஒர்க் பெர்மிட்டுக்கு மேல்நிலை அனுமதி) என்றால் சம்பளம் சுமார் 3,300 வெள்ளி காட்ட வேண்டும், கடைக்குக் கோட்டாவும் (மொத்த ஆட்களில் இத்தனை சதவீதம்தான் என்ற வரம்பு) வேண்டும். நாலு பேர் வேலை பார்க்கும் கடைக்கு எஸ் பாஸ் கோட்டா எங்கே இருக்கும்? ரசீது விஷயம் மாமாவுக்கும் பொருந்தும்.

நம் ஆள் வேர்வையில் எழுந்த ஊர்கள். வேலை குறைந்ததும் நம்மை முதலில் அனுப்புவது நியாயமா? (தென்காசி)

வயிறு எரியத்தான் செய்கிறது. ஓட்டு இல்லாதவன் மேல்தான் அரசு முதலில் கை வைக்கும். வடக்கிலிருந்து வந்த பையன்களைப் பார்த்து நம் ஊர் டீக்கடையிலும் இதே பேச்சு நடக்கிறது, அதுவும் எனக்கு வலிக்கிறது. அனுப்பிவிட்டார்களே என்று கணக்கை விட்டுவிட்டு வராதீர்கள். அமீரகத்தில் ஓராண்டு முடித்திருந்தால், முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. விமானம் ஏறுவதற்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.