ரத்தக்கட்டுக்கும் தசைவலிக்கும் ஆர்னிகா தடவினால் குணமாகுமா?

ஆர்னிகா என்ற மூலிகைக் களிம்பு ரத்தக்கட்டுக்கு ஓரளவு உதவும். உடற்பயிற்சி செய்த மறுநாள் வரும் தசைவலிக்கு நான் அதைத் தொடுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டிருப்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு மாடிப்படியில் கால் தவறி, நான்கு படிகளை உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். இடது தொடையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ரத்தக்கட்டுகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. வலி தாங்கக்கூடியதாக இருந்ததால் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. இரண்டையும் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன். மேலே இருந்ததற்கு மட்டும் தினமும் மூன்று வேளை ஆர்னிகா ஜெல் தடவினேன், கீழே இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். குளிக்கக் குளிக்க வட்டம் அழியும், மறுபடி வரைவேன். வீட்டில் சிரித்தார்கள்.

மேலே இருந்தது எட்டாம் நாளே வெளிர்மஞ்சளாகிவிட்டது. கீழே இருந்தது அந்த நிறத்துக்கு வரப் பத்து நாள் ஆனது. ஆக, இரண்டு நாள் வித்தியாசம். மேலே பட்ட அடி சற்று லேசானதாகவும் இருந்திருக்கலாம். ஒரு தொடையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதானே?

இதில் இன்னொரு விஷயம். ரத்தக்கட்டு என்பது தோலுக்கு அடியில் கசிந்து நிற்கும் ரத்தம். அதிலுள்ள ஹீமோகுளோபின் சிதையும்போது முதலில் பச்சை நிறமியாகவும், பிறகு மஞ்சள் நிறமியாகவும் மாறும். ஊதா, பச்சை, மஞ்சள் என்று நாம் பார்ப்பதெல்லாம் உடம்பு செய்யும் துப்புரவு வேலைதான். எதுவும் தடவாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். அதனால் எந்தக் களிம்பைத் தடவினாலும் கடைசியில் பெயர் களிம்புக்குத்தான் கிடைக்கும்.

அதற்காக ஆர்னிகாவை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. ஐரோப்பிய மலைப்புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் செடி இது, சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். பூவிலுள்ள ஹெலனாலின் என்ற பொருள் அழற்சியைத் தூண்டும் வேதிச் சமிக்ஞைகளைத் தடுக்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 16 பேரின் கைகளில் லேசரால் ரத்தக்கட்டு உண்டாக்கிப் பார்த்தார்கள். 20 சதவீத ஆர்னிகா களிம்பு, வெறும் பெட்ரோலியம் ஜெல்லியைவிட வேகமாக அதை மங்கச் செய்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த 20 சதவீதத்தை மனதில் வையுங்கள். வாங்கும் டியூபில் எவ்வளவு இருக்கிறது என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் ஆர்னிகா ஜெல்லும் ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி ஜெல்லும் மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

சரி, தசைவலிக்கு வருவோம். அதே 2010இல், கெண்டைக்கால் தசைக்குக் கடும் பயிற்சி கொடுத்து ஆர்னிகாவைத் தடவிப் பார்த்த வேறொரு ஆய்வு வெளியானது. 24 மணி நேரம் கழித்து, மருந்தில்லாத களிம்பு தடவிய கால்களைவிட ஆர்னிகா தடவிய கால்களில்தான் வலி அதிகம்! அதைப் படித்த பிறகுதான் தசைவலிக்கு அதை எடுப்பதை நிறுத்தினேன். இப்போதெல்லாம் அந்தக் காலோடு மெதுவாக நடக்கிறேன், வெந்நீரில் குளிக்கிறேன். மூன்று நான்கு நாளில் தானாகவே விட்டுவிடுகிறது.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை முழங்காலில் ரத்தக்கட்டோடு ஓரமாகச் சிராய்ப்பும் இருந்தது. சின்னதுதானே என்று அதன் மேலேயும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தீயாய் எரிந்தது, மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ரத்தக்கட்டு போன பிறகும் அந்த அரிப்பு போகவில்லை. தோல் கிழிந்த இடத்தில் ஆர்னிகா கூடவே கூடாது. சாமந்தி, சூரியகாந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல தோலில்கூட ஒவ்வாமை வரலாம். முதலில் முன்கையில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள்.

உள்ளுக்குச் சாப்பிடுவதா? வேண்டவே வேண்டாம். அதே ஹெலனாலின் வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதியில் ஆரம்பித்து இதயம் வரை பாதிக்கும். ஹோமியோபதியில் கொடுக்கும் 30சி உருண்டைகளில் அந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அவ்வளவு நீர்த்த பிறகு அதில் ஆர்னிகாவே மிச்சமிருக்காது. அப்படி நீர்க்காத மூலச் சாறான மதர் டிங்சர் அப்படியல்ல, அதைக் குடித்துவிடாதீர்கள்.

அடிபட்டதும் நான் முதலில் எடுப்பது துணியில் சுற்றிய ஐஸ்தான், பத்துப் பதினைந்து நிமிடம். ஜெல்லெல்லாம் அப்புறம். பேனா வட்டம் போடும் பழக்கத்தையும் நான் விடவில்லை, இப்போது வேறு காரணத்துக்காக. கறுப்பு அந்தக் கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனாலோ, வீக்கம் கல் மாதிரி இறுகினாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ டியூபை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போய்விடுவேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், தலையில் அடிபட்டவர்களும் கோட்டுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.